கற்பூரத் தட்டு யார் கையில்?

தலவாக்கலையைக் கடந்த இரயில் கிரேட் வெஸ்டர்ன் மலையடியை அணுகுமுன் நின்று செல்லும் சிறு நிலையமாகிய வட்டகொடையில் இறங்கி, தேயிலைச் சரிவுகளின் ஊடே வளைந்து செல்லும் தோட்டத்துப் பாதைகளில் நடப்போர், மலையகத் தமிழரின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுச் சமய வரலாற்றின் அடுக்குகள் யாவற்றையும் சில கட்டை தூரத்துக்குள்ளேயே கண்டுவிடலாம். ஓடைக்கரை மரத்தடியில் சூலம் நட்டு மஞ்சள் பூசிய கல்லாக முனி வீற்றிருக்கிறார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலுள்ள மேட்டில் மாரியம்மன் கோயில் கோபுரம் எழுப்பிக்கொண்டு நிற்கிறது. சற்றே தள்ளித் தகரக் கூரையிட்ட ஜெபக்கூடம் ஒன்றிலிருந்து ஞாயிறு காலையில் கைத்தாளமும் பாட்டும் எழுகின்றன. செவ்வாடை உடுத்த பெண்கள் கூடும் ஆதிபராசக்தி வழிபாட்டு மன்றமும், வியாழன் மாலையில் சாயி பஜனை நிகழும் வீட்டு முன்னறையும், கார்த்திகை பிறந்ததும் மாலையணிந்து சரணம் கூறும் ஐயப்ப பக்தர் குழாமும் இப்பகுதித் தோட்டங்களின் அன்றாட வாழ்வில் இன்று பிரிக்கவொண்ணாத அங்கங்களாகிவிட்டன.

இப்பெருக்கத்தைக் கண்டு மனம் கலங்குவோர் பலர். நாளுக்கொரு சாமியும் வீட்டுக்கொரு சபையுமாகப் போயிற்றே என்று தோட்டத்துப் பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். சனங்கள் மதம் மாறுகிறார்களென்று நகரத்து இந்து மன்றங்கள் அச்சம் தெரிவிக்கின்றன. தம் பிள்ளைகள் ஆவிக்குரிய கூட்டங்களைத் தேடிப் போகிறார்களென்று பழைய திருச்சபைகள் வருந்துகின்றன. அனுமதிக் கடிதம் எங்கே என்று அதிகாரிகள் வினவுகிறார்கள். இவர்கள் அனைவருடைய கவலையிலும் ஓரளவு நியாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், மலையகத் தமிழர் இன்று பழமையென்று போற்றுகிற வழிபாடுகள் பலவும் இம்மலைகளில் ஒரு காலத்திற் புதுமையாகவே தோன்றின என்னும் உண்மையை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். புதிது என்ற ஒரே காரணத்தால் ஒரு வழிபாட்டைத் தள்ளுவதும் தவறு, கொள்ளுவதும் தவறு. கூடியிருக்கும் ஜனங்களை அது அவ்வழிபாட்டுக்கு உரியவர்களாக ஆக்குகிறதா, அல்லது காணிக்கை செலுத்திவிட்டு ஒதுங்கி நிற்கும் பார்வையாளராக வைத்திருக்கிறதா என்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டு, 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தலைப்பட்ட பின் தேயிலைத் தோட்டங்களுக்காகவும், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தபோது, அவர்களோடு கோயில்கள் வரவில்லை. கிராமத்துக் கோயில் என்பது கட்டடம் மட்டுமா? அதற்குக் குளம் உண்டு, மானிய நிலம் உண்டு, பரம்பரைப் பூசாரி உண்டு, இன்னாருக்கு இன்ன மரியாதை என்ற வரிசை உண்டு. அவற்றுள் எதையும் தோணியில் ஏற்ற முடியவில்லை. பாட்டும், நேர்ச்சையும், குலதெய்வத்தின் பெயரும் மட்டுமே வந்தன. வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர் போக, எஞ்சியவர்கள் காட்டை அழித்துக் குடியேறிய இடத்தில் ஒரு கல்லை நட்டு மாரியென்றும் காளியென்றும் கும்பிட்டபோது, ஆகமத்தின் அனுமதியோ குருக்களின் சங்கல்பமோ இல்லாத ஒரு புதிய சபை அங்கே பிறந்துவிட்டது.

அச்சபையின் சிருஷ்டித் திறனை உணர வேண்டுமாயின், தேயிலைத் தொழிலே ஈன்ற தெய்வங்களைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையின் பெரும் ரோதைகள் சுழலத் தொடங்கிய காலத்தில், அவற்றுக்கு இடையே கையையும் உயிரையும் பணயம் வைத்து உழைத்தவர்கள் ரோதை முனி என்றொரு காவல் தெய்வத்தைக் கண்டார்கள். கூரிய கத்தியேந்தித் தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்தும் பருவம் வந்ததும், மலையில் ஏறுமுன் கவ்வாத்து சாமிக்குச் சேவல் பலியிட்டுப் பொங்கல் வைத்தார்கள். எந்தப் புராணத்திலும் இடம்பெறாத இத்தெய்வங்களுக்குத் தல புராணம் எழுதப் புலவர் இல்லை. ஆனால் விபத்து நேர்ந்தால் துரையின் கணக்கில் ஓர் ஆள் குறைந்ததாக மட்டுமே எழுதப்பட்ட காலத்தில், தன் உடலுக்கும் உயிருக்கும் காவல் வேண்டுமென்று ஒரு தொழிலாளி கேட்பதற்கு இருந்த ஒரே சந்நிதி அதுவாகவே இருந்தது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் தொழிற்சங்கமும் மலையேறி வருமுன் ரோதை முனி வந்துவிட்டார் என்பதை நாம் மரியாதையோடு நினைவுகூர வேண்டும்.

மாசித் திங்களில் ரதியையும் மன்மதனையும் ஊர்வலமாக அழைத்துச் சென்று, இரவெல்லாம் லாவணி பாடி, இறுதியிற் காமதகனம் நிகழ்த்தும் காமன் கூத்தும் இவ்வாறே மலையகத்தில் ஒரு புது வாழ்வு பெற்றது. தாயகத்தில் பல மாவட்டங்களில் அருகிவிட்ட அக்கலை, இங்கே தோட்டமெல்லாம் கூடி நடத்தும் ஒரு விரதமாகவும் நாடகமாகவும் நிலைத்தது. வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தம் முதிர்ந்த வயதில் இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கித் தந்தார். அந்தத் தொண்டின் பயனாக, உழைப்பும் துயரும் பக்தியும் தனித்தனி அறைகளில் வைக்கப்படாத ஒரு வாழ்க்கையின் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

எனினும், பழைய சபையைப் புகழும்போது அதன் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. கல்லை நட்டவர்கள் தொழிலாளர்களேயாயினும், கோயிலுக்கு உரிமையாளராகப் பெரிய கங்காணியே விளங்கினார். முதல் மரியாதையும் பரிவட்டமும் அவருக்கே உரியவை. திருவிழா நாளைக் குறிப்பவரும் அவரே. அவரிடம் பட்ட கடனைத் தீர்க்க வழியறியாத குடும்பம், அவர் நடத்தும் திருவிழாவில் அவருக்கே தலை வணங்கி நின்றது. கடல் கடந்தும் சாதி கரைந்துவிடவில்லை. எந்த லயத்தில் யார் குடியிருப்பது என்பதிலும், அம்மன் வீதியுலா எந்த வாசல்வரை செல்வது என்பதிலும், தப்பு அடிப்பவர் கோயிலுக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதிலும் பழைய கிராமத்தின் கொடுமைகள் பல தோட்டங்களில் நெடுங்காலம் உயிரோடிருந்தன. தப்பு முழங்காமல் அம்மன் எழுந்தருளமாட்டாள். தப்பு முழக்கியவருக்கோ கடைசியிலேதான் விபூதி கிட்டியது.

பெண்களின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. கூடையைச் சுமந்து கொழுந்தெடுப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத்துக் கோயிற் சந்தாவோ, பல இடங்களில், சம்பளத்தினின்றும் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டிலேயே பிடிக்கப்படுவது. ஆகவே, மலையகத்தின் மாரியம்மன் கோயில்கள் கொழுந்தெடுத்த பெண்களின் விரல்களால் கட்டப்பட்டவை என்று கூறினால் அது மிகையாகாது. ஆனால் கோயிற் கமிட்டியில் தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் அமர்ந்தவர்கள் யார்? கரகம் பாலிக்கும் இடத்தில் யார் நின்றார்கள், கணக்கு வாசிக்கும் இடத்தில் யார் பேசினார்கள்? பால்குடம் சுமக்கவும், வாசல் தெளித்துக் கோலமிடவும், பொங்கல் வைக்கவும் பெண் வேண்டும். தீர்மானம் செய்ய மட்டும் அவள் வேண்டாம் என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

இந்த அமைப்பின் மீது அரசியலின் பேரடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவரென்று பங்கிட்டது. தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தம் சபையையும் பிளந்து சென்றன. கரகம் எடுத்தவர் போய்விட்டார். உடுக்கடித்துப் பாடத் தெரிந்தவர் போய்விட்டார். காமன் கூத்தின் பாட்டு வாத்தியார் போய்விட்டார். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1973–74இல் பஞ்சம் தோட்டங்களிற் பல உயிர்களைக் குடித்ததும், 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்ததும், எஞ்சியிருந்தோரை ஒருவரையொருவர் பற்றிக்கொள்ளும்படி செய்தன. கங்காணியின் ஆதிக்கம் தேய்ந்து தொழிற்சங்கத் தோட்டத் தலைவரின் செல்வாக்கு வளர்ந்தபோது, கோயில் நிர்வாகமும் பல இடங்களில் அவர் கைக்கு மாறியது. உரிமை பரவலாயிற்று என்று மகிழ்வதற்குள், சங்கங்களின் போட்டி கோயில் வாசலுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

புதிய சபைகளை நோக்கி மக்கள் நடந்ததன் காரணங்களை இப்பின்னணியில் வைத்தே ஆராய வேண்டும். கிறிஸ்தவம் தோட்டங்களுக்கு நேற்று வந்ததன்று. 1854இலேயே தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரோடு ஒரு ஸ்தாபனம் தோட்டத் தமிழரிடையே பணியாற்றத் தொடங்கிற்று. ஆனால் அந்தப் பழைய மிஷன் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு வந்தது. உபதேசியாரும் பாடசாலையும் அதன் வழியே வந்தன. 1920களில் கொழும்பில், கேரளத்தில் பிறந்து இலங்கை வந்து குடியேறிய பாஸ்டர் பால் என்பவரின் தலைமையில் தோன்றிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனோ துரைமாரையும் மேலைநாட்டுப் பணத்தையும் நம்பி எழுந்ததன்று. வெள்ளையாடை உடுத்து, சொத்துத் துறந்து, விசுவாச வீடுகளிற் கூடி வாழும் ஊழியர்களை மையமாகக் கொண்டு இம்மண்ணிலேயே எழுந்து, பின்பு உலகின் பல நாடுகளுக்கும் பரவிய இயக்கம் அது. அதன் பின்னர் பற்பல பெயர்களுடன் எழுந்த ஆவிக்குரிய சபைகளே இன்று மலைநாட்டு நகரங்களின் வாடகை மண்டபங்களிலும் தோட்டத்துச் சிறு வீடுகளிலும் கூடுகின்றன.

அங்கே போகிறவர்களைப் பணத்துக்கும் பால்மாவுக்கும் விலைபோனவர்கள் என்று இகழ்வது எளிது. அந்த இகழ்ச்சி, தோட்டத் தொழிலாளிக்குத் தன் ஆன்மாவைப் பற்றித் தானே சிந்திக்கும் ஆற்றல் இல்லையென்ற பழைய துரைத்தன நினைப்பின் மறுபதிப்பாகும். குடித்துச் சீரழிந்த கணவன் அந்தக் கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டான் என்றால், அவன் மனைவிக்கு அதைவிடப் பெரிய தெய்வ சாட்சி வேறென்ன வேண்டும்? ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் காத்திருந்தும் ஒரு வார்த்தை ஆறுதல் பெறாத நோயாளியின் தலையில் ஒருவர் கை வைத்து, அவள் பெயரைச் சொல்லி, அவள் துன்பத்தைச் சொல்லிக் கண்ணீரோடு ஜெபிக்கிறார் என்றால், அந்தப் பரிவை வேறெங்கே அவள் கண்டாள்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எண்ணாகவும் செக்ரோலில் வரியாகவும் இருந்தவள், சாட்சி சொல்ல எழுந்து நின்று தன் வாழ்க்கையைத் தன் வாயாலே சபை நடுவே கூறுகிறாள். எல்லாரும் மௌனமாகக் கேட்கிறார்கள். பழைய கோயில் அவளுக்குத் தராத ஒன்றை அந்தத் தகரக் கொட்டகை தந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு மனத்துணிவு வேண்டும்.

இதே குறையை வேறொரு வழியில் நிரப்பியது மேல்மருவத்தூர் இயக்கம். பங்காரு அடிகளார் தோற்றுவித்த அவ்வழிபாட்டில், கருவறைக்குட் புகுந்து அம்மனுக்குத் தம் கையாலேயே அபிஷேகமும் ஆராதனையும் செய்யும் உரிமை பெண்களுக்கு வழங்கப்பட்டது. மாதவிலக்கும் அதற்குத் தடையாகக் கருதப்படவில்லை. செவ்வாடை என்ற ஒரே உடை, சாதியையும் செல்வத்தையும் கண்ணுக்குப் புலப்படாமற் செய்தது. அவ்வியக்கத்தின் வார வழிபாட்டு மன்றங்கள் மலையகத்தில் வேரூன்றியபோது, அந்த வேள்வியிலும் விளக்குப் பூசையிலும் மந்திரங்களைச் சேர்ந்து சொல்லித் தட்டேந்தி நின்ற பெண்களின் பெருமிதம், தோட்டத்துச் சமய வரலாற்றில் ஒரு புதிய அத்தியாயமே ஆகும். சமஸ்கிருத மந்திரத்தை அறியாதவள் தமிழ்ப் போற்றிகளைத் தானே படிக்கிறாள். பூசாரியின் கையை எதிர்பார்த்து வாசலில் நின்றவள் தானே பூசாரியாகிறாள்.

சாயி சமித்திகளின் பஜனையில் ஆண்களும் பெண்களும் இருபுறமும் வரிசையாக அமர்ந்து, ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாடிக் கலைகிறார்கள். சர்வமதப் பிரார்த்தனையும் கிராம சேவையும் அவ்வமைப்பின் அங்கங்கள். நுவரெலியாவில் முருகேசு சுவாமிகள் நிறுவிய காயத்ரி பீடம், ஒரு காலத்திற் பூணூல் அணிந்தவர்க்கே உரியதெனக் காக்கப்பட்ட மந்திரத்தை மலைநாட்டு மக்களின் காதுக்கெட்டச் செய்தது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு தத்துவத்தைப் பேசினாலும், எல்லாவற்றிலும் ஒரே வேட்கை மறைந்திருப்பதைக் காணலாம்: இடைத்தரகரின்றி, தலைக்கட்டு வரியின்றி, தன் குரலாலும் தன் கையாலும் தெய்வத்தை அணுக வேண்டும் என்ற வேட்கையே அது.

தமிழ் மக்களுக்கு இந்த வேட்கை புதிதன்று. தாழ்த்தப்பட்டோர் தலைப்பாகை அணியத் தடையிருந்த தென் திருவிதாங்கூரில், தலைப்பாகை அணிந்தே தெய்வத்தின் முன் நிற்குமாறு கட்டளையிட்டு, சகல சாதியாரும் ஒரே கிணற்றில் நீராடி ஒரே பந்தியில் உண்ணுமாறு செய்து, பீடத்தில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியை நிறுவச் செய்தார் அய்யா வைகுண்டர். 1865இல் சமரச சுத்த சன்மார்க்க சங்கத்தையும், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையையும், 1872இல் சத்திய ஞான சபையையும் கண்ட வள்ளலார், பசித்தவருக்குச் சோறிடுவதையே வழிபாட்டின் முதற்படியாக்கினார். 1888இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த நாராயண குரு, பிரதிஷ்டை செய்யும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை அந்த ஒரு செயலாலேயே தகர்த்தார். இவர்கள் மூவரையும் அவர்கள் காலத்து வைதிகர் புதுமைவாதிகளென்றே தூற்றினர். அருவிப்புறத்துக் கல்லுக்கு நெடுங்காலம் முன்னரே, இலங்கைத் தோட்டங்களிற் பெயரறியாத தொழிலாளர் பலர் அதே காரியத்தைச் செய்துவிட்டிருந்தனர். அவர்களுக்குச் சரித்திரம் எழுத ஆளில்லாமற் போயிற்று.

நம் நாட்டிலேயே, வேறொரு திசையிலிருந்து எழுந்த சில முயற்சிகளையும் இங்கே கருத வேண்டும். 1957இல் இப்பாகமுவவில் யோஹான் தேவானந்த என்ற அங்கிலிக்கன் குருவானவர் தொடங்கிய தேவசரண ஆராமய, காலப்போக்கில் பௌத்தரும் கிறிஸ்தவரும் மார்க்சியரும் உழவரும் கூடிச் சிந்திக்கும் களமாயிற்று. அங்கே எழுபதுகளில் உருவான புதிய வழிபாட்டு முறை, பல சமயங்களின் சொற்களையும் உழைப்போரின் வேட்கையையும் ஒன்றுசேர்த்தது. 1958இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் சகோதரத்துவம், உழைப்பையும் நீதிக்கான போராட்டத்தையும் பலிபீடத்தில் ஒப்புக்கொடுக்கும் தொழிலாளர் ஆராதனையை இந்நாட்டு இசையோடு உருவாக்கியது. 1972இல் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்யோதய, சிங்களரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பார்க்கும் ஒரு சமூகமாகத் தொடங்கி, தோட்ட மக்களின் பசியையும் உரிமையையும் தன் முதற் கவலையாகக் கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இலத்தீன் அமெரிக்காவில் ஏழை மக்கள் சிறு சிறு அடித்தளச் சமூகங்களாகக் கூடி, வேதத்தைத் தம் வாழ்க்கையோடு சேர்த்து வாசித்து வந்ததும் நினைக்கத்தக்கது.

இந்த முயற்சிகளுக்கு ஒரு பெரும் பலமும் ஒரு பெரும் பலவீனமும் இருந்தன. உழைப்பையும் வழிபாட்டையும் பிரிக்கலாகாது என்று துணிந்தது பலம். கல்வி கற்ற குருமாரின் நல்லெண்ணத்திலேயே பெரிதும் தங்கியிருந்தமை பலவீனம். தோட்டத்துச் சபைகளோ இதற்கு நேர்மாறானவை. அவை மக்களிடமிருந்தே எழுந்தன, ஆனால் உழைப்பின் நியாயத்தைப் பற்றிப் பேச அஞ்சுகின்றன. ரோதை முனிக்குப் பொங்கல் வைத்த பாட்டனுக்குத் தொழிற்சாலையின் ஆபத்து வழிபாட்டின் பொருளாக இருந்தது. இன்று நெடுநேரம் மைக்கில் முழங்கும் பிரசங்கத்திலோ பஜனையிலோ சம்பளத்தைப் பற்றி, காணியற்ற நிலையைப் பற்றி, ஒழுகும் லயக் கூரையைப் பற்றி ஒரு சொல்லேனும் கேட்பது அரிதாயிருக்கிறது. இரு தரப்பாரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளாதது மலையகத்தின் நஷ்டம்.

புதிய சபைகளைப் புகழ்ந்த அதே வாயால் அவற்றைக் கண்டிக்க வேண்டிய இடங்களும் உண்டு. பாஸ்டரோ சுவாமியோ மன்றத் தலைவரோ, தம் சொல்லே தெய்வ வாக்கென்று கூறிக் கணக்குக் கேட்பதைப் பாவமாக்கும் இடத்தில், பெரிய கங்காணி வேறு உடையில் மீண்டும் வந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். தசமபாகம் கொடுக்கத் தவறியவளைச் சபை நடுவே நாணச் செய்வதும், மருந்துண்ணல் விசுவாசக் குறைவென்று சொல்லி நோயாளியைச் சாக விடுவதும், பாட்டன் கும்பிட்ட கல்லைப் பேயென்று பழித்து அண்டை வீட்டார் மனத்தைப் புண்படுத்துவதும் எந்த வேதத்தின் பெயராலும் நியாயமாகா. அவ்வாறே, ஜெபத்துக்குக் கூடியவர்களின் வீட்டிற் கல்லெறிவதும், அவர்களுக்குத் தண்ணீர்க் குழாயை மறுப்பதும் எந்த ஆகமத்தின் பெயராலும் தருமமாகா.

மாரியம்மன் கோயில்களும் இவ்விசாரணைக்குத் தப்பவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் தோட்டத்துக்குத் தோட்டம் கோபுரமும் மண்டபமும் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்யும் ஆர்வம் பெருகியிருக்கிறது. தம் தெய்வம் மழையில் நனையாமல் வாழ வேண்டுமென்ற ஆசை பழிக்கத்தக்கதன்று. அவமானப்படுத்தப்பட்ட ஒரு சமூகம் நிமிர்ந்து நிற்க விரும்புவதன் அடையாளம் அது. ஆனால் கோபுரம் எழும்போதே, பரம்பரையாகக் கற்பூரம் காட்டிய தோட்டத்துப் பூசாரி வெளியே நிறுத்தப்பட்டு, வெளியூர்க் குருக்கள் உள்ளே போகிறார். கருவறைக்குள் அதுவரை எட்டிப் பார்க்க முடிந்த கொழுந்துக்காரிக்கு அதுவும் இல்லாமற் போகிறது. கட்டடக் கடனைத் தீர்க்கச் சந்தா ஏறுகிறது. இறம்பொடையில் சின்மயா மிஷன் எழுப்பிய அனுமன் கோயிலும் சீதா எலிய அம்மன் கோயிலும் இந்திய யாத்திரிகரை ஈர்த்து மலைநாட்டுக்குப் புகழ் சேர்ப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் இராமாயண யாத்திரையின் ஒளியில், பெயர்ப்பலகையில்லாத முனியும் மாடசாமியும் கவ்வாத்து சாமியும் மறைந்துபோவார்களானால், நம் முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்ததற்கான சாட்சிகளை நாமே அழித்தவர்களாவோம்.

புதிய சபைகளும் பழைய கோயிலும் மெய்யாகவே சோதிக்கப்படும் இடம் சாவு வீடு. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் லயம் முழுவதும் கூடும். மரண உதவிச் சங்கத்துப் பணம் வரும். பாடை கட்டவும் குழி வெட்டவும் ஆட்கள் தாமே முன்வருவர். இறந்தவர் வேறொரு சபையிற் சேர்ந்தவராயின் அங்கே சச்சரவு பிறக்கிறது: தப்படிக்கலாமா, நீர்மாலை எடுக்கலாமா, எந்தப் புதைகாட்டில் எந்தப் பக்கத்தில் அடக்குவது, இதுவரை சங்கத்தில் கட்டிய பணம் இவருக்கு உண்டா? பிள்ளைகளுள் ஒருவன் கோயிலுக்கும் மற்றவன் ஜெபத்துக்கும் போகும் வீட்டில், பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டே வாக்குவாதம் நிகழ்வதுண்டு. தொழிலிலும் துயரத்திலும் ஒன்றாய் இருந்தவர்களைச் சாவில் பிரிக்கும் வழிபாடு, பழையதாயினும் புதியதாயினும், மலையகத்துக்கு ஆகாது.

அரசின் கடமையும் இங்கே குறிப்பிடத்தக்கது. இலங்கை அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கவும் ஏற்கவும் ஒவ்வொருவருக்கும் உள்ள சுதந்திரத்தைக் கட்டுப்பாடின்றி உறுதி செய்கிறது. 14(1)(உ) உறுப்புரை, தனித்தும் பிறரோடு கூடியும், அந்தரங்கமாகவும் பகிரங்கமாகவும் வழிபடும் உரிமையைப் பிரஜைகளுக்கு வழங்குகிறது. ஆனால் 2008இல் மத விவகார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடங்களை அமைக்க முன் அனுமதி பெற வேண்டுமென்று விதித்தபின், அது சிறு சபைகளை மிரட்டும் ஆயுதமாகப் பலவிடங்களிற் கையாளப்பட்டிருக்கிறது. தோட்ட மக்களுக்கோ இன்னுமொரு தடை உண்டு. நிலம் அரசுடையது, 1992க்குப் பின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது, தலைமுறைகளாக விளக்கேற்றிய கோயிலுக்கும் ஜெபக்கூடத்துக்கும் தோட்ட மக்களிடம் உறுதிப்பத்திரம் இல்லை. வாழும் வீட்டுக்கே காணியுரிமை இல்லாதவன் கும்பிடும் இடத்துக்கு அதை எங்ஙனம் பெறுவான்? துரையின் தயவில் நிற்கும் கோயிலும், அதிகாரியின் மௌனத்தில் நிற்கும் சபையும் சுதந்திரமான வழிபாட்டிடங்களாகா.

ஆதலால், மலையகத்தின் சமயத் தலைவர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் தோட்ட மக்களையும் நோக்கிச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வீட்டுக் காணிக்காக நடத்தும் போராட்டத்தோடு, எல்லாச் சமயத்தாருடைய வழிபாட்டிடங்களுக்கும் புதைகாடுகளுக்கும் உறுதி வழங்க வேண்டுமென்ற கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோயிற் கமிட்டியிலும் ஒவ்வொரு சபை நிர்வாகத்திலும் பாதி இடத்தைப் பெண்களுக்கு அளியுங்கள். பொருளாளர் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்கத் தயங்காதீர்கள். வசூலித்த பணத்தின் வரவுசெலவை ஆண்டுக்கொருமுறை எல்லாரும் கேட்க வாசியுங்கள். மரண உதவிச் சங்கத்தைச் சமயப் பிரிவினைக்கு அப்பாற்பட்ட பொதுச் சொத்தாக வைத்து, எந்தச் சபையினர் இறந்தாலும் எல்லாரும் தோள் கொடுப்போமென்று தோட்டத்துக்குத் தோட்டம் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். கோபுரம் எழுப்பினும் கருவறையைப் பூட்டி ஊராரை அந்நியராக்காதீர்கள். முனியின் கல்லையும் காமன் திடலையும் ஆவணப்படுத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மலையகத்துத் தமிழர் தம் தெய்வங்களைப் பிறரிடம் இரவல் வாங்கியவர்கள் அல்லர். அட்டைக்கடியிலும் பனியிலும் நின்று தாமே கண்டவர்கள். அவர்களுடைய புதிய சபைகள் கோருவதெல்லாம் அந்தப் பழைய உரிமையைத்தான். தோட்டங்களில் அடுத்த திருவிழாவுக்கோ அடுத்த உபவாசக் கூட்டத்துக்கோ நாள் குறிக்கக் கமிட்டி கூடும்போது, கொழுந்தெடுக்கும் பெண்களை முன்வரிசைக்கு அழைத்து, சென்ற ஆண்டின் கணக்குப் புத்தகத்தை முதலில் அவர்கள் கையிற் கொடுங்கள். சீர்திருத்தத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.